ஆற்றைப் பார்த்த ஜன்னல்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊரில் ஒரு வீட்டைத் தாண்டிப் போகும்போது ஜன்னலில் எரியும் மெழுகுவர்த்திகளை எண்ணினால் போதும், உள்ளே நடக்கும் குடித்தனத்தின் பாதிக் கதை தெரிந்துவிடும். யூதர்களான எங்களுக்கு அன்று பொழுது சாய்ந்ததும் பிறக்கிற ஓய்வு நாளான சபத்தை வரவேற்கக் கல்யாணமான பெண் இரண்டு ஏற்றுவாள். அதற்கு மேல் ஒன்று எரிந்தால் அது தண்டனை வர்த்தி. என்றைக்கோ ஒரு வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்காரி விளக்கேற்ற மறந்துவிட்டாள், அதற்காகச் சாகும்வரை வாராவாரம் ஒன்று கூடுதலாக ஏற்றுகிறாள் என்று அர்த்தம். த்வோஷாவின் ஜன்னலில் நான்கு எரிந்தது.

கேட்க வேண்டுமா! இரண்டு தடவை மறந்தவள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. மறதிக்கார த்வோஷா என்றுதான் அவளுக்குப் பெயர். சந்தையில் முட்டை விற்பவள்கூட, கூடையை மறந்துட்டுப் போயிராதே த்வோஷா என்று சிரிப்பாள். த்வோஷாவும் கூடச் சிரித்துவிட்டுப் போவாள். இப்போது நினைத்தால் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் எதையும் மறந்தவள் இல்லை. அந்த வெள்ளிக்கிழமையை அவள் கண்மூடும்வரை மறக்கவே இல்லை. நடந்தது என்னவென்று அவளுக்கும், அவள் புருஷன் ஹெனோக்குக்கும், பக்கத்து வீட்டு சிப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். சிப்பா என் பெரியம்மா. அவளைப் போல வாய் ஓயாத பொம்பளையை நான் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்டவள் இந்த ஒரு விஷயத்தை மட்டும், மற்ற இரண்டு பேரும் மண்ணுக்குள் போன பிறகுதான் வாயைத் திறந்து சொன்னாள்.

ஊர் இருப்பது கரையை ஒட்டிய குன்றின் மறுபக்கச் சரிவில். ஆற்றங்கரையில் இருந்தவை இரண்டே வீடுகள். சிப்பாவின் வீட்டுக்கு ஜன்னல் தெருப்பக்கம். ஆற்றைப் பார்த்த ஜன்னல் த்வோஷாவுடையது ஒன்றுதான். ஆற்றுக்கு அந்தப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் நாணல் சதுப்பு, குளிர்காலத்தில் அத்தனையும் உறைந்து கிடக்கும். சதுப்பு முடிகிற இடத்தில் ஒரு மேடு, மேட்டின் மேல் ஒனுஃப்ரியின் மாவு மில்.

ஹெனோக் மூட்டை வியாபாரி. ஊசி, பொத்தான், ரிப்பன், தலைத்துணி எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மேல்பாலம் வழியாகக் கிளம்புவான். கிராமம் கிராமமாகச் சுற்றிவிட்டு வெள்ளி மதியம் மில் மேடு வழியாக ஆற்றைக் கடந்து வீடு சேருவான். கடிகாரம் கிடையாது. எங்கள் குளிர்காலத்தில் சூரியனும் கிடையாது, காலையிலும் சாம்பல், மாலையிலும் சாம்பல். நேரமாகிவிட்ட வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கு மணி சொன்னது த்வோஷாவின் ஜன்னல்தான். ஒரு தடவை அவளிடம் சொல்லியிருக்கிறான்.

"மில் மேட்டுல நின்னு பாத்தா உன் ரெண்டு விளக்கும் ஒண்ணாத்தான் தெரியும். ஒரு மஞ்சப் புள்ளி. அது தெரிஞ்சுதுன்னா அதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். தெரியலேன்னா இன்னும் நேரம் இருக்குன்னு ஓடி வந்துருவேன்."

வாய்ப்பேச்சில்லை. சபத் பிறந்த பிறகு நெருப்பு மூட்டக்கூடாது, மூட்டை சுமக்கக்கூடாது, ஊர் எல்லைக்கு அப்பாலிருந்து நடந்து வரவும் கூடாது. மில்லோ எல்லையிலிருந்து வெகு தூரம். இரண்டு தடவை மஞ்சள் புள்ளியைப் பார்த்து மில்லிலேயே நின்றுவிட்டு, சனிக்கிழமை இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தவன் அவன். ஒனுஃப்ரி நம்மவன் இல்லை, ஆனாலும் அடுப்போரம் இடம் கொடுப்பான். உன் பொண்டாட்டி அங்கே தீக்குச்சியைக் கிழிச்சா நீ இங்கே மரமாயிடுறியே என்று கேலி செய்வானாம். கடவுளே இறங்கிவந்து பரவாயில்லை நடப்பா என்று சொன்னாலும் ஹெனோக் நடக்கமாட்டான், அப்படி ஒரு பிடிவாதக்காரன். நெஞ்சு வேறு பலவீனம். ஒரு குளிர்காலம் முழுக்கப் படுத்துக் கிடந்து பிழைத்தவன். இன்னொரு தடவை ராத்திரி பனியில் கிடந்தால் என்னைக் கூப்பிடாதே, சவப்பெட்டிக்காரனைக் கூப்பிடு என்று வைத்தியன் த்வோஷாவிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தான்.

ஜப்பான் சண்டை முடிந்து வந்த குளிர்காலம் அது. அவர்களுடைய பெண் பெஷாவுக்கு இரண்டு வயது, கக்குவான் இருமல். ஞாயிற்றுக்கிழமை ஹெனோக் கிளம்பும்போது குழந்தைக்கு நெருப்பாகக் காய்ந்தது. அவன் மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான், கழற்றினான், மறுபடி மாட்டினான். நான் பார்த்துக்கிறேன், நீங்க கிளம்புங்க என்று த்வோஷாதான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள். வியாழக்கிழமை காய்ச்சல் விட்டது. அது அவனுக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை விடியுமுன் எழுந்து மாவு பிசைந்தாள். ஒரு கிள்ளு மாவைப் பிய்த்து மந்திரம் சொல்லி நெருப்பில் போட்டாள், மீதியைப் பின்னி இரண்டு ரொட்டி சுட்டாள். மீனைச் செதில் உரசி, வெங்காயத்தோடு வேகவைத்தாள். மறுநாள் சாப்பாட்டுக்கு பார்லியும் மொச்சையும் உருளைக்கிழங்கும் பானையில் போட்டு, மூடியைச் சுற்றி மாவு பூசி அடைத்தாள். ராத்திரி முழுக்க சூடு ஆறாத ரொட்டிக்காரன் அடுப்பில்தான் ஊர்ப் பானை எல்லாம் வேகும். பெஷா தூங்கிய நேரம் பார்த்துப் பானையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அங்கேதான் மலான்காவைப் பார்த்தாள். மலான்கா கிராமத்துக்காரி, ரொட்டி அடுப்புக்கு விறகு கொண்டுவந்து போடுபவள். விறகை இறக்கிக்கொண்டே, புதன்கிழமை ஒனுஃப்ரி மில் எரிந்துபோன சங்கதியைச் சொன்னாள். பனிமூட்டத்தில் இந்தக் கரைக்குப் புகைகூடத் தெரியவில்லை, மில்லும் வீடும் தொழுவமும் ஒன்று மிச்சமில்லையாம். ஒனுஃப்ரி மகள் வீட்டுக்குப் போய்விட்டானாம். த்வோஷா பாவம் என்று உச்சுக்கொட்டினாள், பானையைக் கொடுத்தாள், பாதி வழி வந்துவிட்டாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. திரும்பி ஓடினாள். மலான்காவின் சறுக்குவண்டி போய்விட்டிருந்தது.

வீட்டில் ஹெனோக் வந்து உட்கார்ந்திருப்பான், காலுறையைக் கழற்றிப்போட்டு அடுப்பு மேல் காய வைத்திருப்பான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். குழந்தை மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அதற்குமேல் அவள் செய்த வேலையை வேலை என்று சொல்ல முடியாது. பித்தளை விளக்குத்தண்டு இரண்டையும் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், பளபளப்பு வந்த பிறகும் தேய்த்தாள். மரத்தரையைக் கழுவினாள், மஞ்சள் மணல் தூவினாள், தூவியதைப் பெருக்கித் தள்ளிவிட்டு மறுபடி கழுவினாள். வேலை முடிந்தால் சபத் வந்துவிடும் போலவும், முடிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் பொழுது நிற்கும் போலவும் ஒரு பைத்தியக்கார எண்ணம். மேஜைக்கு வெள்ளைத்துணி விரித்தாள், ரொட்டியை வைத்து மூடினாள், ஹெனோக்கின் சட்டையை எடுத்து நாற்காலி மேல் போட்டாள். நொடிக்கொரு தரம் ஜன்னலுக்கு ஓடினாள். வெள்ளையாக ஒரு சுவர், அதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

ஜெபக்கூடத்துச் சேவகன் கல்மன் மரச்சுத்தியலோடு வந்து முதல் தடவை தட்டினான். கடையை மூடு, குளிக்கப் போ என்பதற்கான தட்டு. த்வோஷா வெளியே ஓடி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மில் எரிந்துபோனதைச் சொன்னாள், நாலு ஆள் போய்ப் பார்க்க முடியுமா என்று கெஞ்சினாள். கல்மன் நல்லவன்தான், ஆனால் அவசரத்தில் இருந்தான். ஆம்பிளைகள் எல்லாரும் குளியல் வீட்டில் வெந்நீருக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள், சபத் நெருங்கும் நேரத்தில் யாரைச் சதுப்புக்கு அந்தப்பக்கம் அனுப்புவது என்றான். ஹெனோக் குழந்தையா, பனியைப் பார்த்து ஏதாவது கிராமத்திலேயே தங்கியிருப்பான் என்றான். போ, போய் விளக்கேற்றுகிற வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போனான். கிராமத்தில் தங்குகிறவனா ஹெனோக்? குழந்தைக்கு நெருப்பாகக் காய்ந்ததைப் பார்த்துவிட்டுப் போனவன். இழுத்துக்கொண்டாவது மில் மேடுவரை வந்துவிடுவான். இது அவளுக்கு அவள் பெயர் தெரிகிற மாதிரித் தெரியும்.

பொழுது சாயும்போது பனி நின்றது. சாம்பல் வானத்துக்கடியில் சதுப்பு வெறுமையாகக் கிடந்தது, கடைசியில் மேடு ஒரு கோடு போலத் தெரிந்தது. ஒரு உயிர் இல்லை. கல்மன் இரண்டாவது தடவை தட்டிக்கொண்டு போனான். விளக்கேற்றுகிற நேரம்.

த்வோஷா தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். வர்த்திகளைத் தண்டில் நிறுத்தினாள். அடுப்புத் தணலில் குச்சியைப் பற்றவைத்துக் கையில் பிடித்தாள். அப்படியே நின்றாள்.

ஏற்றினால் மேட்டில் மஞ்சள் புள்ளி தெரியும். தெரிந்தால் நின்றுவிடுவான். நிற்க இடம் ஏது? எரிந்த சுவரும் கரியும்தான். விடியுமுன் விறைத்துப் போவான். ஏற்றாவிட்டால் இன்னும் நேரமிருக்கிறது என்று நினைத்து ஓடிவருவான். குச்சி எரிந்து விரலைச் சுட்டது. அவள் அதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். அடுப்புக் கதவையும் வெளிச்சம் கசியாமல் சாத்தினாள். பன்னிரண்டு வயதிலிருந்து அம்மாவின் பக்கத்தில் விளக்கின் முன் நின்று கண்ணைப் பொத்தி மந்திரம் சொன்னவள், ஒரு வெள்ளி தவறாதவள், இருட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் செய்வது எவ்வளவு பெரிய பாவம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிப்பா தன் வீட்டில் விளக்கேற்றிவிட்டு, சபத்துக்கென்று வைத்திருந்த பட்டுத் தலைத்துணியோடு மிடுக்காக வெளியே வந்தவள், பக்கத்து வீடு இருண்டு கிடப்பதைப் பார்த்துப் பதறி உள்ளே வந்தாள்.

"ஏண்டி, செத்தா போயிட்டே? பொழுது போவுதுடி. இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு, ஏத்துடி."

"ஏத்த மாட்டேன்க்கா."

"என்னது?"

"அவர் வர வரைக்கும் ஏத்த மாட்டேன். புள்ளி தெரிஞ்சா நின்னுருவாரு. மில்லு எரிஞ்சு போச்சு."

சிப்பாவுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் ஒரு ஜன்னல் சபத் அன்றைக்கு இருண்டு கிடப்பது அவளால் தாங்கக்கூடிய விஷயமா? தன் கையால் ஏற்ற முடியாது, தன் வீட்டு விளக்கை ஏற்றியதுமே அவளுக்குச் சபத் பிறந்துவிட்டது. குச்சியைத் த்வோஷாவின் கையில் திணித்தால் போதும் என்று அடுப்பருகே போகப் பார்த்தாள். த்வோஷா குறுக்கே வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சிப்பா திட்டினாள், வேசி மகளே என்றாள், குழந்தை தலையில் பாவத்தைக் கொட்டாதேடி என்றாள். அந்தச் சொல் த்வோஷாவின் நெஞ்சைக் குத்தியது. இருந்தும் பிடியை விடவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றிருக்க, ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சமும் போயிற்று. குன்றின் மறுபக்கம் ஜெபக்கூடத்தில் ஆண்கள் சபத்தை வரவேற்றுப் பாடுவது காற்றில் மெல்லக் கேட்டது.

"முடிஞ்சுது," என்றாள் சிப்பா. "இனி ஒனக்கு மனசு மாறினாலும் ஏத்த முடியாது."

போய்விடுவாள் என்று பார்த்தால் போகவில்லை. குழந்தையின் கட்டில் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். திட்டு வாங்கியவளைத் தனியாக விட்டுப் போகிற புத்தி அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

இருட்டு கெட்டியானது. மறுபடி காற்று எழுந்தது, தரையில் கிடந்த பனியை வாரி வாரி அடித்தது. அப்போதுதான் த்வோஷாவுக்கு இன்னொன்று உறைத்தது. இவ்வளவு நேரம் அவளுக்குத் தோன்றாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டாள். இருட்டு ஜன்னலைப் பார்த்து அவன் கிளம்பி வந்திருந்தால், இப்போது சதுப்பின் நடுவில் இருப்பான். திக்குத் தெரியாமல் நிற்பான். அவனுக்கு வழிகாட்ட இருந்த ஒரே வெளிச்சம் இந்த ஜன்னல், அதை அவளே அடைத்து வைத்திருக்கிறாள். வெளிச்சம் காட்டினால் நின்றுவிடுவான், காட்டாவிட்டால் தொலைந்துபோவான். எப்படிப் பார்த்தாலும் அவனைக் கொல்வது அவள்தான்.

கொஞ்ச நேரம் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து கொட்டடியிலிருந்து கைவிளக்கை எடுத்துவந்தாள்.

ஜன்னல் விளக்கு ஓரிடத்தில் நிற்கும். அதைப் பார்த்தால் சபத் என்று நிற்பான். நடந்து வருகிற விளக்கு? எந்த யூதன் சபத் அன்று விளக்கைத் தூக்கிக்கொண்டு சதுப்பில் நடப்பான்? கிராமத்தான் எவனோ வருகிறான் என்று நினைத்துக் குரல் கொடுப்பான். குரல் கேட்டால் போதும்.

உயிருக்கு ஆபத்து என்றால் சபத்தை மீறலாம், மீறத்தான் வேண்டும், இது எங்களில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்த ஆபத்தை உண்டாக்கியவளே மீறினால் அது எந்தக் கணக்கில் சேரும் என்று த்வோஷாவுக்குத் தெரியவில்லை. கேட்க நேரமும் இல்லை. சிப்பாவின் கண் முன்னால் தணலை ஊதி விளக்கைப் பற்றவைத்தாள். சிப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"புள்ளையப் பாத்துக்க அக்கா."

"போடி. போய்த் தொலை. கம்பளியப் போத்திக்கிட்டுப் போ."

ஆற்றின் பனிக்கட்டி காலுக்கடியில் முனகியது. அதைத் தாண்டி நாணலுக்குள் நடந்தாள். இரண்டடிக்கு மேல் வெளிச்சம் போகவில்லை. ஹெனோக், ஹெனோக் என்று கத்தினாள், காற்று அதை வாய்க்குள்ளேயே திருப்பி அடைத்தது. பிறகு கத்துவதை விட்டுவிட்டு விளக்கைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டே நடந்தாள். கை மரத்துப்போனது, மறுகைக்கு மாற்றினாள். ஓரிடத்தில் விழுந்தாள். விளக்கு அணையவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் தன் முழங்காலைப் பார்த்தாள். எவ்வளவு தூரம் போனாள் என்று அவளுக்கே தெரியாது. திரும்பிப் போகிற வழி அவளுக்கும் தெரியாது என்பது மட்டும் தெரிந்தது. குழந்தைக்கு அப்பனும் இல்லை அம்மாவும் இல்லை என்று ஆகிவிடப் போகிறது என்று நினைத்தாள். அப்போது இடதுபக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கிராமத்தார் பாஷையில், பிச்சைக்காரன் கெஞ்சுகிற குரல்.

"ஐயா! விளக்கு வச்சிருக்கிற ஐயா! வழி தவறிட்டேன், கொஞ்சம் கரையக் காட்டுங்க சாமி!"

பெண்டாட்டியை ஐயா என்று கூப்பிடுகிறான். த்வோஷா குரல் வந்த பக்கம் ஓடினாள். விளக்கின் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. தாடி முழுக்கப் பனி, உதடு நீலம். அவன் வெளிச்சத்துக்குப் பின்னால் யாரென்று கண்ணை இடுக்கிப் பார்த்தான். பார்த்தவன் முகம் செத்துப்போனது.

"புள்ள..." என்றான்.

"தூங்குது. காச்சல் விட்டுருச்சு. நேத்தே விட்டுருச்சு."

அவன் அப்படியே பனியில் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். தூக்கி நிறுத்தப் பெரும்பாடு பட்டாள். அவன் முதுகு காலியாக இருப்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. மூட்டை எங்கே என்றாள். கனமா இருந்தது, வழியில வச்சுட்டேன் என்றான். ரெண்டு அடி நடந்ததும் அவன் நின்று, விளக்கைப் பார்க்காமல் கேட்டான்.

"சபத் இன்னும் வரலியா?"

வந்துவிட்டது என்று சொன்னால் இந்த மனுஷன் இங்கேயே உட்கார்ந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

"வரலே," என்றாள். "வாங்க."

அவள் வந்த தடத்தைக் காற்று பாதி மூடியிருந்தது. குனிந்து குனிந்து பார்த்து நடந்தாள். அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, இருமிக்கொண்டே பின்னால் வந்தான்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது கைவிளக்கின் வெளிச்சம் நேராகச் சிப்பாவின் மேல் விழுந்தது. பட்டுத் தலைத்துணி, கழுத்தில் முத்துச்சரம், முழு சபத் அலங்காரத்தில் கட்டில் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள். ஹெனோக் அவளைப் பார்த்தான். த்வோஷா அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து சிப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உங்க வீட்ல ஏத்தியாச்சா?" என்று கேட்டான் ஹெனோக்.

எங்கள் ஊரில் அடுத்தவள் நூல் பிசகினால் அதைத் தெருவுக்கெல்லாம் சொல்கிற சிப்பா, ஊர்க் குருவான ரப்பியின் பெண்டாட்டியையே குறை சொன்ன சிப்பா, எழுந்து துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"இனிமேத்தான்," என்றாள். "போயித்தான் ஏத்தணும்."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வீடு வந்து சேர்கிறவரை தலைத்துணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன் என்று பெரியம்மா என்னிடம் சொன்னாள்.

ஹெனோக் குழந்தையின் மூக்கருகே கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தான். கையை எடுக்காமல் அங்கேயே நின்றான். த்வோஷா அவன் காலணியை இழுத்துக் கழற்றினாள், காலைத் துணியால் தேய்த்தாள். ஜன்னலில் இரண்டு வர்த்தியும் ஏற்றாமல் நின்றன. சொன்ன பொய்க்கு இனி விலை கொடுக்க வேண்டும். சபத் வரவில்லை என்றால் விளக்கேற்ற வேண்டும். சதுப்பில் விளக்கெடுத்துப் போனதற்காவது உயிர் என்று ஒரு சாக்கு உண்டு. இதற்கு என்ன சாக்கு?

குச்சியைப் பற்றவைத்தாள். சபத் பிறந்து எவ்வளவோ நேரமான பிறகு, இரண்டு வர்த்திகளை ஏற்றினாள். கைகளால் வெளிச்சத்தை மூன்று தரம் முகத்தை நோக்கி வாரி, கண்ணைப் பொத்திக்கொண்டாள். மந்திரம் சொல்ல நாக்கு வரவில்லை. கடவுளின் பேரை இதில் இழுக்க அவளுக்குத் தைரியமில்லை. உதட்டை மட்டும் அசைத்தாள். கேட்காத மந்திரத்துக்கு ஹெனோக் கட்டிலருகிலிருந்து, "ஆமேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூட்டையை எடுத்து வரக் கிளம்பினான். இருமல் விடவில்லை, அதனால் த்வோஷாவும் கூடப் போனாள். சதுப்பில் எங்கேயோ விழுந்து கிடக்கும், பாதி நனைந்திருக்கும் என்று நினைத்தாள். அவன் எங்கும் தேடவில்லை. நேராக நடந்தான், நடந்துகொண்டே இருந்தான், மில் மேட்டின் அடிவாரத்தில் போய்த்தான் நின்றான். அங்கே ஒரு வில்லோ மரம். கைக்கெட்டிய உயரமான கிளையில் மூட்டை தொங்கியது, இரண்டு முடிச்சுப் போட்டு, பனி புகாதபடி மேலே சாக்கு சுற்றி, பதமாக. தவறி விழுந்த மூட்டை இல்லை. சனிக்கிழமை தொடக்கூடாது என்று தெரிந்து, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளக் கட்டிவைத்த மூட்டை.

த்வோஷா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க வரும்போதே இருட்டிருச்சு," என்றான். "மேல ஏறிப் பாத்தா மில்லும் இல்லே, உன் ஜன்னலும் தெரியலே. சபத் வந்துருச்சுன்னு எனக்குத் தெரியும். நீ ஏத்தாம இருக்கமாட்டேன்னும் தெரியும். புள்ள போயிருச்சுன்னு நெனச்சேன்."

"நேரம் இருக்குன்னு நெனச்சு வருவீங்கன்னுதான் நான் ஏத்தல."

"அப்படித்தான் சொல்லியிருந்தேன்," என்றான் ஹெனோக். "அன்னைக்கு அப்படித் தோணலே."

அப்படியானால் அந்தச் சதுப்பு முழுவதையும் செத்த குழந்தையை அடக்கம் பண்ண வருகிறவனாகவே நடந்திருக்கிறான். ஒவ்வொரு அடியும் பாவம் என்று தெரிந்தே எடுத்து வைத்திருக்கிறான். சபத் இன்னும் வரலியா என்று கேட்டது பதில் தெரிந்து கேட்ட கேள்வி. அவள் பொய் சொன்னபோது மறுபேச்சுப் பேசாமல் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். அவள் வர்த்தியை ஏற்றும்போது, வேண்டாம் த்வோஷா, எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பாவமாவது அவளைச் சேராமல் இருந்திருக்கும். சொன்னால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பேசாமல் இருந்துவிட்டான். ஆமேன் வேறு சொன்னான். த்வோஷா பனியில் நின்றபடியே அழுதாள். அவன் மூட்டையை மாட்டிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹெனோக் மதியத்துக்கு முன்பே வந்துவிட்டான். த்வோஷா தரையைக் கழுவி மணல் தூவினாள், பித்தளையைத் தேய்த்தாள். இரண்டு வர்த்தியை நிறுத்திவிட்டு, ஒரு உருளைக்கிழங்கைக் குடைந்து மூன்றாவதை அதில் நிறுத்தினாள். யாரும் அவளிடம் விதியைப் பற்றிச் சொல்லவில்லை. ரப்பியிடமும் அவள் போகவில்லை. மறந்தவளுக்குத்தான் ஒரு வர்த்தி தண்டனை, நினைவோடு செய்தவளுக்கு என்ன என்று கேட்டால் அந்த நல்ல மனுஷன் என்ன பதில் சொல்வார்?

ஹெனோக் குளித்துவிட்டு ஈரத் தாடியோடு உள்ளே வந்தான். மூன்றையும் பார்த்தான். கூடையிலிருந்து இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து பேனாக்கத்தியால் குடைந்தான். வர்த்தியை அதில் செருகி, அவளுடைய மூன்றாவதின் பக்கத்தில் வைத்தான். எங்கள் ஆண்கள் சபத் விளக்குக்குக் கிட்டவே வரமாட்டார்கள், அது பெண்களின் காரியம்.

"இது யாருக்கு?" என்றாள்.

"அது உனக்கு," என்றான், மூன்றாவதைக் காட்டி. "இது எனக்கு. ஏத்து, பொழுது போகுது."

ஏற்றினாள். அன்றிலிருந்து அவன் சாகிறவரை, அவன் போன பிறகு அவள் சாகிறவரை, ஒரு வெள்ளி தப்பாமல் நான்கு. ஊர் மறதிக்காரி என்று சிரித்தது, அவளும் சிரித்துவிட்டுப் போனாள். மில் மேட்டிலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றாகத்தான் தெரியுமாம்.